ஐஸ் வெளியே, குளிர்ச்சி உள்ளே

(கோடையை முன்னிட்டு நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். மீன், மோர், கூழ், மாவு விற்கும் உறுப்பினர்கள் கேட்டுக் கொண்டதால் முழுவதுமாகத் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பயன் பெறலாம்.)



நான் பேச வந்த விஷயம் ரொம்பச் சின்னது. ஒரு பாட்டில் தண்ணீர். அதை ஐஸாக்கி, ஒரு பெட்டிக்குள் வைத்து, விற்கிற பொருளைக் கெடாமல் காப்பாற்றுவது எப்படி? அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தில் உங்கள் கடன் தவணையும் இருக்கு. வாங்கிச் சாப்பிடுகிற பிள்ளைகளின் உடம்பும் இருக்கு.

சித்திரை, வைகாசி வெயிலில் என்ன நஷ்டம் வரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் மீன் கூடையோடு கிளம்புகிற அக்கா, பதினோரு மணி தாண்டினால் விலையைக் குறைக்கிறாங்க. மதியம் ஆனால் கேட்ட விலைக்குக் கொடுக்கிறாங்க. மாவு பாக்கெட் உப்பிப் போய்த் திரும்பி வருது. மோர் புளித்துப் போய் மாட்டுத் தொட்டிக்குப் போகுது. யோசித்துப் பாருங்க. முதலில் விற்பதெல்லாம் போட்ட முதலுக்கும் பஸ் செலவுக்கும் சரியாப் போயிடும். கடைசியாக விற்கிறதில்தான் நம்ம லாபம் இருக்கு. வெயில் வந்து கை வைப்பது சரியாக அந்தக் கடைசிப் பங்கில்தான்.

நீங்கள் ஏற்கனவே பார்த்த பொருள்தான்

ஐஸ் பேக் என்றால் ஏதோ பட்டணத்துப் பொருள் என்று நினைக்காதீங்க. உங்கள் பிள்ளைக்குத் தடுப்பூசி போட நர்ஸம்மா தோளில் ஒரு நீலப் பெட்டியை மாட்டிக்கிட்டு வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அந்தப் பெட்டிக்குள் நாலு பக்கமும் நாலு தட்டையான பிளாஸ்டிக் டப்பா நிற்கும். அதுதான் ஐஸ் பேக். அதற்குள் இருப்பது மருந்து இல்லை. வெறும் தண்ணீர். ஆரம்ப சுகாதார நிலையத்து ஃப்ரீஸரில் உறைய வைத்து எடுத்து வருவோம். சாயங்காலம் திருப்பிக் கொடுப்போம். மறுபடி உறையும். அதே டப்பா, அதே தண்ணீர், வருஷக் கணக்கில்.

நம்ம நாட்டில் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-ல் தொடங்கியது. போலியோ சொட்டு மருந்து முகாம்கள் 1995-ல் தொடங்கின. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. அந்த வெற்றிக்குப் பின்னால் டாக்டர்கள் இருக்காங்க, செவிலியர்கள் இருக்காங்க. இந்தத் தண்ணீர் டப்பாவும் இருக்கு. ரோடு இல்லாத ஊர், கரண்ட் இல்லாத ஊர் எல்லாவற்றுக்கும் இதுதான் குளிர்ச்சியைக் கொண்டு போய்ச் சேர்த்தது. மருந்தைக் காப்பாற்றிய முறை, மோரையும் மீனையும் காப்பாற்றாதா?

ஒன்றை மட்டும் இப்பவே சொல்லி விடுகிறேன். சுகாதார நிலையத்து ஐஸ் பேக்கையோ பெட்டியையோ கேட்டு வாங்காதீங்க. அது தடுப்பூசிக்கு மட்டும்தான். நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்ளலாம்.

தண்ணீருக்கு எங்கிருந்து இந்தச் சக்தி?

1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி குளிர வைக்க 1 பங்கு சூட்டை வெளியே எடுக்கணும் என்று வைத்துக்கொள்வோம். 0 டிகிரியில் இருக்கிற 1 கிலோ ஐஸ் முழுவதும் உருகித் தண்ணீராக மாறும்போது, சுற்றியிருக்கிற பொருளிலிருந்து 80 பங்கு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதாவது 8 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி குளிர வைக்கிற அளவு. அதே 1 கிலோ, ஐஸாக இல்லாமல் 0 டிகிரி பச்சைத் தண்ணீராக இருந்தால், அது 10 டிகிரிக்கு ஏறும்வரை எடுக்கும் சூடு வெறும் 10 பங்குதான்.

அதனால்தான் ஃப்ரிட்ஜில் வைத்த குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வேறு, உறைந்த பாட்டில் வேறு. முழுசாக உறையாத பாட்டிலைப் பெட்டியில் வைத்தால், பாதிச் சேமிப்போடு கிளம்பின மாதிரி. கிளம்புவதற்கு முன் ஆட்டிப் பாருங்க. தண்ணீர் சத்தம் கேட்கக் கூடாது.

கிருமியின் கணக்கு, மீட்டர் வட்டிக் கணக்கு

நம்ம எல்லாருக்கும் வட்டிக்கு வட்டி தெரியும். அதிலிருந்து தப்பிக்கத்தான் குழுவே ஆரம்பித்தோம். கிருமியின் கணக்கும் அதே கணக்குதான். சூடு, ஈரம், சத்து மூன்றும் கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். ஒன்று இருந்தால் ஒரு மணி நேரத்தில் 8. நாலு மணி நேரத்தில் 4,096. ஆறு மணி நேரத்தில் 2,62,144. காலை ஆறு மணிக்குக் கிளம்பி பன்னிரண்டு மணிக்கு விற்கிற பொருளில் இந்த வட்டி ஏறியிருக்கும்.

5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருக்கிற உணவில்தான் இந்த வட்டி ஓடும். நம்ம ஊர் வெயில் இந்த இரண்டுக்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்திருக்கு. சீக்கிரம் கெடுகிற உணவை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

குளிர் என்ன செய்யும்? வட்டியை நிறுத்தி வைக்கும், இல்லை ரொம்பவே குறைக்கும். ஆனால் அசலைக் குறைக்காது. இதை நல்லா மனசில் வைத்துக்கொள்ளுங்க. குளிரில் கிருமி சாகாது, தூங்கும். கெட்டுப் போன பொருளை ஐஸில் வைத்தால் அது நல்லதாக மாறாது. சுத்தமாகச் செய்த பொருளுக்குத்தான் ஐஸ் பேக் உதவும்.

ஐஸை மோருக்குள் போடாதீங்க

சந்தையில் பாருங்க. ஐஸ் கட்டியைச் சாக்கில் போட்டு, கட்டையால் அடித்து, அப்படியே மோர்ப் பானையில் போடுகிறாங்க. அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது? மீனுக்குப் போடுகிற ஐஸா, குடிக்கிற ஐஸா? எந்த வண்டியில், எந்தத் தரையில் இறக்கி வந்தது? விற்கிறவங்களுக்கும் தெரியாது, குடிக்கிறவங்களுக்கும் தெரியாது. உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பது தப்பு. மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு, டைபாய்டு எல்லாம் ஐஸ் வழியாகவும் வரும்.

இன்னொரு நஷ்டமும் இருக்கு. ஐஸ் உருகி மோர் தண்ணியாகப் போகும். காலையில் குடித்தவர் மதியம் குடித்தால் "என்னம்மா, வெறும் தண்ணியா இருக்கு" என்று கேட்பார்.

ஐஸ் பேக்கில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. மூடி போட்ட பாட்டில் பானைக்கு வெளியே நிற்கும். குளிர்ச்சி மட்டும் உள்ளே போகும், தண்ணீர் போகாது. இன்றைக்கு நான் சொல்வதில் ஒரே ஒரு வரி மட்டும் நினைவிருந்தால் போதும். ஐஸ் வெளியே, குளிர்ச்சி உள்ளே.

ஐஸ் பேக் செய்வது எப்படி?

கடையில் ஜெல் பேக் என்று விற்கிறாங்க. நல்ல பொருள்தான். ஆனால் அதற்குள் இருப்பதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். கொழகொழப்பாக இருக்க ஒரு பொருள் சேர்த்திருப்பாங்க. கிழிந்தால் தண்ணீர் மாதிரி ஓடாது, அதுதான் வித்தியாசம். குளிர்ச்சி கிட்டத்தட்ட ஒன்றுதான். காசு இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் பாட்டில் போதும்.

1. குடிதண்ணீர் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை நன்றாகக் கழுவி எடுங்க. பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், ஃபினாயில், ஆசிட் வந்த பாட்டிலை எத்தனை தடவை கழுவினாலும் எடுக்கவே கூடாது.

2. கண்ணாடி பாட்டில் கூடாது. தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உப்பும். கண்ணாடி வெடிக்கும்.

3. அதே காரணத்துக்காக பிளாஸ்டிக் பாட்டிலிலும் முழுசாக ஊற்றாதீங்க. பத்தில் எட்டரைப் பங்கு ஊற்றி, மூடியை இறுக்குங்க.

4. உள்ளே ஊற்றுவது குடிக்கிற தண்ணீராகவே இருக்கட்டும். தப்பித் தவறி ஒழுகினாலும் பயம் இல்லை.

5. ஃப்ரீஸரில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் படுக்க வையுங்க. பத்து பாட்டிலை ஒரே நேரத்தில் திணித்தால் நடுவில் இருப்பது உறையாது. நன்றாக உறைய ஒரு முழு நாள் கொடுங்க.

6. இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்க. ஒரு செட் பெட்டியில் போகும்போது, இன்னொரு செட் ஃப்ரீஸரில் உறையட்டும்.

7. மீனுக்குச் சிவப்பு மூடி, குடிக்கிற பொருளுக்கு நீல மூடி என்று பிரித்துவிடுங்க. மூடி கிடைக்காவிட்டால் கலர் நூல் கட்டுங்க. மீன் பெட்டியில் இருந்த பாட்டில் மோர்ப் பெட்டிக்குப் போகக் கூடாது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் ஃப்ரீஸருக்குள் போகணும்.

சின்ன பாட்டில் சீக்கிரம் குளிர்ச்சி கொடுக்கும், சீக்கிரம் உருகும். பெரிய பாட்டில் மெதுவாக உருகும், ரொம்ப நேரம் தாங்கும். இரண்டும் கலந்து வைப்பது நல்லது.

பெட்டியில் அடுக்குவது எப்படி?

சென்னையில் கடற்கரைக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கே, அதற்கு ஐஸ் ஹவுஸ் என்று பேர். 1842-ல் கட்டினது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஏரி உறைந்த ஐஸை வெட்டி, கப்பலில் மாதக் கணக்கில் கொண்டு வந்து அங்கே வைத்தாங்க. ஃப்ரிட்ஜே இல்லாத காலம். எப்படி உருகாமல் வந்தது? மரத்தூளில் புதைத்துக் கொண்டு வந்தாங்க. சூடு உள்ளே போகாமல் தடுத்தால், ஐஸ் தானாகவே நிற்கும். பாதி வேலை ஐஸ் செய்யும், மீதி வேலை பெட்டி செய்யும்.

தெர்மாகோல் பெட்டி, கையால் தூக்குகிற ஐஸ் பெட்டி எதுவானாலும் சரி. மூடி இறுக்கமாக இருக்கணும். விரிசல் இருந்தால் டேப் ஒட்டுங்க.

முதல் விதி: பொருளை முன்கூட்டியே குளிர வைத்துத்தான் பெட்டியில் வைக்கணும். ஐஸ் பேக்கின் வேலை குளிர்ச்சியைக் காவல் காப்பது. சூட்டை இறக்குகிற வேலையையும் அதன் தலையில் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். கணக்குப் பாருங்க. 30 டிகிரியில் இருக்கிற 6 லிட்டர் மோரை 5 டிகிரிக்குக் கொண்டுவர 150 பங்கு சூட்டை எடுக்கணும். அதற்கே கிட்டத்தட்ட 2 கிலோ ஐஸ் உருகிப் போகும். அதே மோரை ராத்திரியே சின்னச் சின்ன பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால், அந்த 2 கிலோ ஐஸும் மதியம் வரைக்கும் காவல் இருக்கும்.

இரண்டாவது விதி: அடியில் மட்டும் வைத்தால் போதாது. குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அதனால் மேலேயும் பக்கத்திலும் பாட்டில் வேணும். இரண்டே பாட்டில்தான் இருக்கு என்றால் மேலே வையுங்க.

மூன்றாவது விதி: பெட்டியில் காலி இடம் விடாதீங்க. சுத்தமான துணியை மடித்து அடைங்க, இல்லாவிட்டால் இன்னொரு பாட்டில் வையுங்க.

நாலாவது விதி: இரண்டு பெட்டி வையுங்க. ஒன்று விற்கிற பெட்டி, இன்னொன்று சேமிப்புப் பெட்டி. ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் குளிர்ச்சி வெளியே போய்விடும். விற்கிற பெட்டியில் ஒரு மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வையுங்க. சேமிப்புப் பெட்டியை அடிக்கடி திறக்காதீங்க. சேமிப்பில் அடிக்கடி கை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஐந்தாவது விதி: பெட்டி நிழலில் இருக்கணும். மேலே வெள்ளைத் துணி போட்டு மூடுங்க. வெயிலில் சுட்ட தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்க.

எவ்வளவு ஐஸ் வேணும்? குளிர வைத்த பொருளுக்கு, அதன் எடையில் பாதி அளவு ஐஸ் பேக் என்று ஆரம்பிங்க. பிறகு உங்கள் பெட்டியே உங்களுக்குச் சொல்லும். வியாபாரம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை ஆட்டிப் பாருங்க. உள்ளே ஐஸ் கட்டி உருளுகிற சத்தம் கேட்டால் பெட்டி தாங்கியிருக்கு. எல்லாம் வெறும் தண்ணீராக, வெதுவெதுப்பாக இருந்தால் நாளைக்குக் கூட ஒரு பாட்டில் வேணும். முடிந்தால் குழுவுக்கு ஒரு உணவு வெப்பமானி வாங்கி, பொருள் 5 டிகிரிக்குள் இருக்கா என்று பாருங்க.

எந்தப் பொருளுக்கு எப்படி?

மீன்: மீனுக்கு நொறுக்கின ஐஸ்தான் முதல் தரம். அது மீனோடு ஒட்டி உட்காரும். நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் என்று வையுங்க. உருகின தண்ணீர் வடிய அடியில் ஓட்டை வேணும். உறைந்த பாட்டிலை அடியிலும் மேலேயும் வைத்தால் அந்த ஐஸ் சீக்கிரம் உருகாது. சுத்தம் செய்து கவரில் போட்ட மீன் என்றால் ஐஸ் பேக்கே போதும்.

மத்தி, அயிலை, சூரை மூன்றிலும் கூடுதல் கவனம் வேணும். இவை சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற ஒரு நஞ்சு உண்டாகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பிறகு ஐஸில் வைத்தாலும் போகாது. படகில் இருந்து இறங்கின நிமிஷத்தில் இருந்தே குளிர்ச்சி வேணும் என்பது இதனால்தான்.

மோர், கூழ்: பெரிய பானையை அப்படியே குளிர வைக்க முடியாது. நடுப்பகுதி சூடாகவே இருக்கும். 2 லிட்டர், 3 லிட்டர் தூக்குகளில் பிரித்து ஊற்றிக் குளிர வையுங்க. கூழ் கரைக்கிற தண்ணீர் கொதிக்க வைத்து ஆற வைத்ததாக இருக்கட்டும். புளிப்பு ஏறாமல் இருந்தாலே மதியம் வரைக்கும் ஒரே ருசி, ஒரே விலை.

மாவு: பாக்கெட் உப்புவதற்குக் காரணம் உள்ளே புளிப்பு ஏறிக் காற்று உண்டாவதுதான். அரைத்து, தேவையான அளவு புளித்ததும் உடனே குளிர வைத்துவிட்டால் அது ரொம்பவே குறைந்துவிடும். கடைக்குக் கொண்டு போகிற வழியிலும் ஐஸ் பேக் வைத்த பெட்டியிலேயே போகட்டும்.

நறுக்கின பழம்: தர்பூசணி, பப்பாளி எல்லாம் தோலோடு இருக்கும்வரை பயம் இல்லை. கத்தி பட்ட பிறகு ஐஸ் பெட்டியில்தான் இருக்கணும்.

சோறு, பிரியாணி, குழம்பு: சூடாக விற்கிறதற்கு ஐஸ் பேக் வேண்டாம். ஆவி பறக்க, 60 டிகிரிக்கு மேல் சூட்டிலேயே வைத்து விற்றுவிடுங்க. பாதி ஆறின சோறுதான் ஆபத்து. அதில் உண்டாகிற ஒரு வகை நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

இன்சுலின்: நம்ம உறுப்பினர்களில் இன்சுலின் போடுகிறவங்க இருக்காங்க. பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். பஸ்ஸில் கொண்டு போகும்போது ஐஸ் பேக்கோடு ஒட்ட வைக்கக் கூடாது. துணியில் சுற்றி, தள்ளி வையுங்க. இன்சுலின் உறைந்துவிட்டால் வீண். உருகின பிறகும் போடக் கூடாது. தடுப்பூசியிலும் இதே விதிதான். தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் தொடங்கின பென்டாவேலன்ட் தடுப்பூசி உறைந்தால் கெட்டுவிடும். அதனால்தான் நர்ஸம்மா ஃப்ரீஸரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டியில் வைக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் வெளியில் வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் வைப்பாங்க. மீனுக்குக் கல் மாதிரி உறைந்த பாட்டில், மருந்துக்குக் கொஞ்சம் உருகின பாட்டில். இந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும்.

தனியாக முடியாது, குழுவாக முடியும்

எல்லார் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இல்லை. இருந்தாலும் ஃப்ரீஸர் சின்னது. இதற்குத்தானே குழு இருக்கு? நாலைந்து வியாபாரம் செய்கிற உறுப்பினர்களுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் உள்ள வீடு என்று ஏற்பாடு செய்யலாம். பாட்டிலில் பேர் எழுதுங்க. கரண்ட் செலவுக்கு ஒரு தொகையைக் குழுவே பேசி முடிவு பண்ணி அந்த வீட்டுக்காரங்களுக்குக் கொடுங்க. சும்மா உபகாரமாகக் கேட்டால் பத்து நாள் ஓடும், பதினோராவது நாள் மனஸ்தாபம் வரும். தீர்மான நோட்டில் எழுதிவிட்டால் சண்டை இல்லை.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் கணக்கு எழுதுங்க. ஒவ்வொரு நாளும் எவ்வளவு பொருள் கெட்டது, எவ்வளவு விலையைக் குறைத்து விற்றோம் என்று தனித்தனியாக எழுதுங்க. உதாரணத்துக்கு, தினமும் 40 ரூபாய் போகுது என்றால் மாதம் 25 நாளில் 1,000 ரூபாய். அந்த நஷ்டத்தைப் பார்த்த பிறகு, பெட்டி வாங்க உள்கடன் எடுக்கலாமா, எத்தனை மாதத்தில் திருப்பலாம் என்று நீங்களே சொல்லிவிடுவீங்க.

கூட்டத்தில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

பெட்டி வாங்க இப்ப வசதி இல்லை. என்ன செய்யலாம்?

ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் சின்ன அட்டைப்பெட்டியை வையுங்க. நடுவில் இருக்கிற இடத்தில் அடியிலும் பக்கத்திலும் காய்ந்த உமியைக் கெட்டியாக நிரப்புங்க. மேலே உமி மூட்டை ஒன்றை மூடியாக வையுங்க. உள்ளே பிளாஸ்டிக் தாள் விரியுங்க, உமி நனையக் கூடாது. ஆரம்பிக்க இது போதும்.

மண்பானையில் ஈரச்சாக்கு சுற்றி வைத்தால் போதாதா?

குடிதண்ணீருக்கு நல்லது. ஆனால் அது சில டிகிரிதான் குறைக்கும், 5 டிகிரிக்கு வராது. கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் இன்னும் குறைவாகத்தான் குளிரும். பாலுக்கும் மீனுக்கும் அது போதாது.

பாட்டில் தண்ணீரில் உப்புப் போடலாமா?

போட்டால் 0 டிகிரிக்கும் கீழே போய்த்தான் உறையும், அதனால் உறைய அதிக நேரம் எடுக்கும். மீன் பெட்டிக்குப் பரவாயில்லை. மோர், மாவு, மருந்துக்கு வேண்டாம். ஒட்டி இருக்கிற பொருள் உறைந்துவிடும். வெறும் தண்ணீரே நமக்குப் போதும்.

மருந்துப் பார்சலில் வந்த ஜெல் பேக் வீட்டில் இருக்கு. பயன்படுத்தலாமா?

கிழியாமல் இருந்தால், மூடின பாத்திரத்துக்கு வெளியே வைக்கலாம். உணவு நேராக அதன்மேல் படக் கூடாது. கிழிந்து உள்ளே இருப்பது உணவில் பட்டால் அந்த உணவைக் கொட்டிவிடுங்க. ருசி பார்க்காதீங்க. குழந்தைகள் கையில் கொடுக்காதீங்க.

அடிக்கடி கரண்ட் போகுதே?

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் தாங்கும். உறைந்த பாட்டில்கள் உள்ளே இருந்தால் இன்னும் நல்லது. அதுவும் ஒரு சேமிப்புதான்.

மிச்சமான மோரை மறுநாள் விற்கலாமா?

வீட்டுக்கு வரும்போது பாட்டிலில் ஐஸ் மிச்சம் இருந்து, மோரும் தொட்டால் ஜில்லென்று இருந்தால், அன்றைக்கே வீட்டில் குடித்துவிடுங்க. வெதுவெதுப்பாக இருந்தால் கொட்டிவிடுங்க. மறுநாளைக்கு விற்கிற பொருள் மறுநாள் செய்ததாகவே இருக்கட்டும். ஒருத்தர் வயிற்றைக் கெடுத்தால் அந்தத் தெருவே நம்மகிட்ட வாங்காது.

நிறையப் பேசிவிட்டேன். பாட்டில் உங்கள் வீட்டிலேயே இருக்கு. தண்ணீர் இருக்கு. இன்றைக்கு ராத்திரி நாலு பாட்டில் உறைய வையுங்க. நாளைக்குச் சாயங்காலம் ஆட்டிப் பாருங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த ஒரு வாரக் கணக்கை நோட்டில் எழுதிக் கொண்டு வாங்க, எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.